கீழ்நிலை லீகின் மலிவுச் சந்தை: கால்பந்து மேலாண்மை ஆட்டத்தில் ஆள்தேடலின் பொருளியல்

கால்பந்து மேலாண்மை ஆட்டங்களில் கணினித் திரையின் முன் அமர்பவர் பந்தை உதைப்பதில்லை. ஒரு கழகத்தின் மேலாளர் பொறுப்பை ஏற்று, எவரை ஒப்பந்தம் செய்வது, எவரைக் களமிறக்குவது, எவருக்கு எவ்வளவு வாரச் சம்பளம் தருவது என்பவற்றை முடிவு செய்துவிட்டு, போட்டியின் போக்கை நிரலின் கணக்குக்கு விட்டுவிடுகிறார். இவ்வகை ஆட்டங்களுள் முதன்மையான ‘ஃபுட்பால் மேனேஜர்’ தொடரில், பெருங்கழகம் ஒன்றை எடுத்துக் கோப்பைகளைக் குவிப்பதைவிட, இங்கிலாந்தின் ஆறாம் அடுக்கில் கிடக்கும் ஒரு சிறு கழகத்தை எடுத்துப் படிப்படியாக மேலேற்றுவதையே நெடுங்காலமாக விளையாடிவரும் பலர் உயர்வாகக் கருதுகின்றனர். அந்த ஏற்றத்தின் சுமை பெரும்பாலும் ஒரே வேலையின்மீது விழுகிறது: குறைந்த பணத்தில் பயனுள்ள வீரர்களைப் பிடிப்பது. யாரும் அறியாத மேதைகளைக் கண்டெடுக்கும் வேலையாகவே இது பொதுவாக எண்ணப்படுகிறது. ஆனால் ஆட்டத்தின் உள்ளமைப்பைக் கூர்ந்து நோக்கினால், கீழ்நிலையில் வெற்றி பெறுபவர் தகவலில் பிழை எங்கே மிகுதி, எங்கே குறைவு என்று அறிந்து அதற்கேற்பச் செலவு செய்பவரே என்பது புலப்படும்.

இத்தொடரின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பால் கோலியர், ஆலிவர் கோலியர் என்ற இரு ஆங்கிலேயச் சகோதரர்கள் எழுதிய ‘சாம்பியன்ஷிப் மேனேஜர்’ 1992-இல் வெளிவந்தது. அதில் இருந்த வீரர்களின் பெயர்கள் கற்பனையானவை, உண்மைப் பெயர்கள் அடுத்த பருவத்துக்கான பதிப்பில்தான் வந்தன. சகோதரர்கள் 1994-இல் ‘ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். பதிப்பாளரான ஈடாஸ் நிறுவனத்துடன் 2003-இல் பிரிவு நேர்ந்தபோது பழைய பெயர் ஈடாஸிடம் தங்கிவிட, நிரலும் தரவுத்தளமும் சகோதரர்களின் நிறுவனத்திடமே இருந்தன. அதனால்தான் 2004-இல் சேகா நிறுவனத்தின் வெளியீடாகப் புதிய பெயரில் வந்த ‘ஃபுட்பால் மேனேஜர் 2005’ பழைய ஆட்டத்தின் உண்மையான வாரிசாக ஏற்கப்பட்டது. பெயரைவிடத் தரவுத்தளமே பெரிய சொத்து என்பதை அந்தப் பிரிவினை காட்டிவிட்டது. இக்கட்டுரையின் பொருளும் அத்தரவுத்தளத்தைச் சுற்றியதே.

இங்கிலாந்தின் லீக் அமைப்பு ஒரு கூம்பு. உச்சியில் பிரீமியர் லீகின் 20 கழகங்கள். அதன்கீழ் சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ ஆகியவற்றில் தலா 24. ஐந்தாம் அடுக்கான நேஷனல் லீகில் 24. ஆறாம் அடுக்கில் வடக்கு, தெற்கு என இரு பிரிவுகள். ஆட்டத்தோடு வரும் தரவுத்தளத்தில் ஆறாம் அடுக்கு வரையே விளையாட முடியும். அதற்கும் கீழே இறங்க விரும்புவோர் தொகுப்புக் கருவியைக் கொண்டு தாமே அடுக்குகளைச் சேர்த்துக்கொள்கின்றனர். இந்த அடுக்குகளில் மாற்றுத்தொகை, அதாவது ஒப்பந்தத்தில் இருக்கும் வீரரை விடுவிக்க அவருடைய கழகத்துக்குத் தரும் விலை, பெரும்பாலும் பேச்சுக்கே வருவதில்லை. சந்தை முழுவதும் வாரச் சம்பளத்தில்தான் நடக்கிறது. பகல் வேலை ஒன்றைச் செய்துகொண்டு மாலையில் பயிற்சிக்கு வரும் பகுதிநேர வீரர்களும், எந்த நேரமும் வெளியேறும் உரிமையுள்ள ஒப்பந்தமற்ற வீரர்களும் இங்கே நிறைய உள்ளனர்.

இனி உள்ளமைப்புக்கு வருவோம். ஒவ்வொரு வீரருக்கும் வேகம், பந்தடக்கம், தாவும் உயரம், முடிவெடுக்கும் திறன் போன்ற பண்புகள் 1 முதல் 20 வரையிலான எண்களாகத் தரப்படுகின்றன. இவற்றின் பின்னால் திரையில் தோன்றாத இரண்டு எண்கள் இருக்கின்றன: இன்றைய மொத்தத் திறனைக் குறிக்கும் ‘நடப்புத் திறன்’, ஒருவர் எட்டக்கூடிய எல்லையைக் குறிக்கும் ‘உச்சத் திறன்’. இரண்டும் 200 வரையிலான அளவுகோலில் அமைந்தவை. நடப்புத் திறன் பண்புகளின் வெறுங்கூட்டுத்தொகை அன்று. வீரர் ஆடும் இடத்துக்கேற்ப ஒவ்வொரு பண்புக்கும் தனி எடை உண்டு. மையத் தடுப்பாளருக்குத் தலையால் முட்டும் திறன் நிறைய எடை பெறும், துல்லியமாகக் கோலடிக்கும் திறன் மிகக் குறைந்த எடையே பெறும். இதன் விளைவு கவனிக்கத்தக்கது. ஒரே நடப்புத் திறன் கொண்ட இரு முன்கள வீரர்களில் ஒருவருக்கு எல்லாம் நடுத்தரமாக இருக்க, மற்றவருக்குப் பந்தடக்கமும் பாஸும் மோசமாகவும் வேகம் மட்டும் அவ்வடுக்குக்கு மீறியதாகவும் இருக்கலாம்.

போட்டியை நடத்தும் நிரல் இந்த மொத்த எண்ணைப் பார்ப்பதில்லை. தனித்தனிப் பண்புகளையே பார்க்கிறது. வீரரின் சந்தை மதிப்போ நடப்புத் திறன், புகழ், வயது, எஞ்சியுள்ள ஒப்பந்தக் காலம், கழகத்தின் நிலை ஆகியவற்றைப் பெரிதும் சார்ந்திருக்கிறது. மலிவு என்பது இந்த இரண்டு அளவைகளுக்கும் இடையிலுள்ள பிளவில்தான் பிறக்கிறது. எல்லாத் தடுப்பாளரும் மெதுவாக ஓடும் அடுக்கில், பந்தை ஒழுங்காக நிறுத்தத் தெரியாத ஆனால் வேகமாக ஓடத் தெரிந்த ஒருவர் தன் விலையைப்போலப் பன்மடங்கு பயன் தருவார். மேலடுக்கில் அதே வீரருக்கு வேலையிருக்காது. கீழ்நிலையில் உடற்பண்புகளைத் தேடு என்று பழகியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் இதுவே. நீண்ட தூரம் பந்தை வீசி எறியும் திறனையும் இதோடு சேர்க்கலாம்: விலையில் அநேகமாக எதையும் கூட்டாத அந்தப் பண்பு, உயரமான இரு தடுப்பாளர்களோடு சேரும்போது எல்லைக்கோட்டு எறிதல் ஒவ்வொன்றையும் கார்னர் உதைக்கு நிகராக்கிவிடுகிறது. அழகான கால்பந்து அன்று. ஆறாம் அடுக்கில் அழகுக்குப் புள்ளி தருவாரும் இல்லை.

இந்த எண்களை யார் எழுதுகிறார்கள் என்ற கேள்வி அடுத்து எழுகிறது. உலகெங்கும் பரவியுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள், பெரும்பாலும் அந்தந்தக் கழகத்தின் ரசிகர்கள், தாம் பார்த்த வீரர்களுக்கு எண் இடுகின்றனர். நாட்டுத் தலைமை ஆய்வாளர்கள் அவற்றை ஒப்பிட்டுச் சரிசெய்கின்றனர். இந்த உழைப்பை உண்மையான கழகங்களே மதித்திருக்கின்றன. எவர்ட்டன் கழகம் 2008-இல் இத்தரவுத்தளத்தைத் தன் ஆள்தேடலுக்குப் பயன்படுத்த ஒப்பந்தம் செய்துகொண்டது. 2014-இல் புரோசோன் என்ற பகுப்பாய்வு நிறுவனம் தான் கழகங்களுக்கு விற்கும் கருவியில் இத்தரவுகளைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் பிரீமியர் லீக் கழகத்தை ஒவ்வொரு வாரமும் பல்லாயிரம் கண்கள் பார்க்கின்றன. ஆறாம் அடுக்குக் கழகத்தின் தரவு ஒரே ஒருவரின் கணிப்பாகவும் இருந்துவிடக்கூடும். கூம்பின் அடிக்குச் செல்லச் செல்லத் தரவு மெலிகிறது.

மெலிந்த இடத்தை நிரல் நிரப்பிக்கொள்கிறது. ஆய்வாளர் ஒரு பண்புக்கு எண் இடாமல் விட்டால், புதிய ஆட்டம் தொடங்கும் ஒவ்வொரு முறையும் நிரல் அங்கே ஏற்றதோர் எண்ணைத் தற்செயலாக இடுகிறது. எதிர்காலம் தெளிவில்லாத இளைஞருக்கு உச்சத் திறனை ஒரே எண்ணாகத் தராமல், ஒரு வீச்சைக் குறிக்கும் எதிர்ம எண்ணாகத் தரும் வழக்கமும் உண்டு. அந்த வீச்சுக்குள் எந்த எண் விழும் என்பது ஒவ்வொரு தொடக்கத்திலும் மாறும். ஆகவே ஒருவருடைய ஆட்டத்தில் மேலடுக்குவரை உயர்ந்த அதே இளைஞர் இன்னொருவருடைய ஆட்டத்தில் ஐந்தாம் அடுக்கிலேயே தேங்கிவிடலாம். பருவந்தோறும் வெளியாகும் ‘வாங்க வேண்டிய மலிவு வீரர்கள்’ பட்டியல்கள் மேலடுக்கில் ஓரளவு பயன்பட்டாலும் அடியடுக்கில் பயனற்றுப்போவதன் காரணங்களுள் இது முக்கியமானது.

தரவின் மெலிவு சில வேளைகளில் நாட்டார் கதைகளையே உருவாக்கியிருக்கிறது. 2001-இல் வந்த ‘சாம்பியன்ஷிப் மேனேஜர் 01/02’ பதிப்பில், போர்ச்சுகலின் கீழ்நிலைக் கழகமான கோவேயாவில் டோ மடெய்ரா என்ற முன்கள வீரர் இருந்தார். எந்தக் கழகத்தில் சேர்த்தாலும் கோல்களைக் குவித்த அவர் உண்மையில் இல்லாத வீரர், தரவு தொகுத்தவரின் கைவேலை. பின்னர் வந்த திருத்தத்தில் அவர் நீக்கப்பட்டார். அதே பதிப்பில் மில்வால் கழகத்தின் இளைஞரான செர்னோ சம்பா உலகத்தரத்துக்கு வளரும் வீரராகப் பதிவாகியிருந்தார். நடப்பில் காம்பிய நாட்டுக்காக ஆடிய அவருடைய கழக வாழ்வு காடிஸ், பிளிமத் ஆர்கைல் போன்ற இடங்களில் அமைந்தது, ஆட்டம் சொன்ன உயரத்தை எட்டவில்லை. இவ்விரண்டு பிழைகளும் ஒரே வகையின அல்ல. முதலாவது எவரும் சரிபார்க்காத இடத்தில் நுழைந்த பொய். இரண்டாவது நேர்மையான கணிப்பு, பதின்ம வயதுச் சிறுவன் எப்படி வளர்வான் என்ற கேள்விக்கு எவரும் தரக்கூடிய வகையான விடை. இளைஞரை நம்பிப் பணம் போடும் கீழ்நிலை மேலாளருக்கு உண்மையான ஆபத்து இந்த இரண்டாம் வகையிலிருந்தே வருகிறது.

ஆட்டத்துக்குள் மேலாளருக்குத் தகவல் கொண்டுவருபவர் ஸ்கவுட், அதாவது பிற கழகங்களின் போட்டிகளைப் பார்த்து வீரர்களை மதிப்பிட்டு அறிக்கை தரும் பணியாளர். அவருக்கும் எண்கள் உண்டு: நடப்புத் திறனைக் கணிக்கும் ஆற்றல், உச்சத் திறனைக் கணிக்கும் ஆற்றல் ஆகிய இரண்டும் அவற்றுள் முக்கியமானவை. அறியப்படாத வீரரின் பண்புகள் மறைக்கப்பட்டோ, எட்டு முதல் பதின்மூன்று என்பதுபோல வீச்சாகவோ காட்டப்படும். கூடுதலாகப் பார்க்கப் பார்க்க வீச்சு சுருங்கி ஒரே எண்ணாகும். இதோடு ஸ்கவுட் நட்சத்திரங்களும் இடுகிறார். நட்சத்திரம் தனித்த அளவை அன்று. மேலாளரின் தற்போதைய அணியோடு ஒப்பிட்டு இடப்படுவது. அணி மோசமாக இருந்தால் சாதாரண வீரரும் நான்கு நட்சத்திரம் பெறுவார். புதிதாக விளையாடத் தொடங்குவோர் ஏமாறும் இடம் பெரும்பாலும் இதுவே.

ஜார்ஜ் ஸ்டிக்ளர் 1961-இல் வெளியிட்ட, தகவலின் பொருளியல் குறித்த கட்டுரை, தேடல் என்பதே செலவு பிடிக்கும் செயல் என்றும், அடுத்த தேடலால் கிடைக்கும் எதிர்பார்ப்பு ஆதாயம் அதன் செலவை விடக் குறையும் இடத்தில் தேடல் நிற்கும் என்றும் காட்டியது. ஓரிரு ஸ்கவுட்டுகளே உள்ள கழகத்தில் இக்கணக்கு மிகக் கடுமையாக இயங்குகிறது: தொலைதூர நாட்டுக்கு ஸ்கவுட்டை அனுப்பும் மாதங்களில் பக்கத்து ஊர்க் கழகம் விடுவித்த தடுப்பாளர் வேறெங்கோ கையெழுத்திட்டிருப்பார். அதைவிட நுட்பமான இடர் ஒன்றையும் சொல்ல வேண்டும். எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்த மூன்று பொறியாளர்கள் 1971-இல் ஒன்றைக் கவனித்தனர்: வயலின் மதிப்பு யாருக்கும் துல்லியமாகத் தெரியாதபோது, ஏலத்தை வெல்பவர் பெரும்பாலும் அதை மிகையாக மதிப்பிட்டவராகவே இருப்பார். பொருளியலில் இது வென்றவரின் சாபம் எனப்படும். கணிப்பாற்றல் குறைந்த ஸ்கவுட் இருநூறு வீரர்களைப் பார்த்து நட்சத்திரம் இட்டால், பட்டியலின் தலையில் வருபவர் உண்மையிலேயே சிறந்தவராக இருப்பதற்குரிய வாய்ப்பைப்போலவே, ஸ்கவுட்டின் பிழை மிகப்பெரிதாக விழுந்தவராக இருப்பதற்கும் வாய்ப்புண்டு. பார்க்கும் எண்ணிக்கை கூடக் கூட இந்தச் சாபமும் கூடும். எனவே கண் மங்கிய ஸ்கவுட்டுக்கு அகன்ற பரப்பைக் கொடுப்பது, பலரும் நினைப்பதற்கு மாறாக, மிகையாக மதிப்பிடப்பட்ட தேர்வுகளையே தரவல்லது. ஸ்கவுட்டின் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வீரர்களுக்குச் செலவிடும் மேலாளர் தன் இழப்பை எந்தக் கணக்கேட்டிலும் காண மாட்டார் என்பதே இதிலுள்ள சிக்கல்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விளைகிறது. நட்சத்திரம் ஸ்கவுட்டின் கருத்து. வீச்சு சுருங்கி நிலைபெற்ற பண்பு எண் அத்தகைய கருத்து அன்று. ஆகவே தேவைப்படும் இரண்டு மூன்று பண்புகளை மட்டும் முன்கூட்டியே வரையறுத்து அவற்றின் அடிப்படையில் வடிகட்டுவது பிழையின் வாயிலைக் குறுக்குகிறது. அதனினும் சிறந்தது தேர்வுப் பயிற்சிக்கு அழைப்பது. ஒப்பந்தமில்லாத வீரரைச் சில வாரங்கள் கழகத்தோடு பயிற்சி செய்யவிட்டால் அவருடைய பண்புகள் முழுமையாக வெளிப்படுகின்றன. செலவு ஏறத்தாழ ஏதுமில்லை. ஸ்கவுட்டின் கண்ணை நம்பத் தேவையில்லாத ஒரே வழி இது என்பதால், ஜூலை மாதத்தில் கூட்டம் கூட்டமாக வீரர்களைத் தேர்வுக்கு அழைப்பது கீழ்நிலை மேலாளரின் முதல் வேலையாகிவிடுகிறது.

காலமும் ஒரு விலைதான். இங்கிலாந்தில் ஒப்பந்தங்கள் பொதுவாக ஜூன் 30 அன்று முடிகின்றன. ஒப்பந்தம் முடிந்தவர் மாற்றுத்தொகையின்றி விரும்பிய கழகத்தில் சேரலாம் என்பதற்கு ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15 அன்று பெல்ஜிய வீரர் ஜான்-மார்க் போஸ்மான் வழக்கில் அளித்த தீர்ப்பு அடிப்படையாயிற்று. பெருங்கழகங்களின் இளையோர் பள்ளிகள் கோடையில் விடுவிக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயதினர் தங்கள் புகழுக்கேற்ற சம்பளத்தை முதல் சில வாரங்கள் எதிர்பார்த்துக் காத்திருப்பர். அழைப்பு வராத ஒவ்வொரு வாரமும் அவர்களுடைய எதிர்பார்ப்பைத் தணிக்கும். ஜூலையில் மறுத்தவர் ஆகஸ்ட் இறுதியில் ஒப்புக்கொள்வது வழக்கம். ஆனால் ஆகஸ்ட் இறுதியிலும் எவரும் எடுக்காத ஒருவரை ஐயத்தோடு பார்ப்பதும் அறிவு: ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையைக் கொண்டு விளக்கியபடி, விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் எஞ்சுபவை பெரும்பாலும் குறையுள்ளவையே. ஆட்டத்தில் காயம்படும் இயல்பு, நிலைத்தன்மை, பெரிய போட்டிகளில் ஆடும் மனநிலை ஆகியவை திரையில் எண்ணாகத் தோன்றாத மறைபண்புகள். ஸ்கவுட் அறிக்கையின் நிறைகுறைப் பகுதியில் ஒரு வரியாகவே அவை தலைகாட்டும். நட்சத்திரங்களை எண்ணுவதைவிட அந்த வரியைப் படிப்பது மேலானது.

வயதான வீரர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். முப்பதைக் கடந்த நடுக்கள வீரரின் மறுவிற்பனை மதிப்பு சுழியம். அதனாலேயே எதிர்காலத்தையும் கணக்கில் கொள்ளும் சந்தை அவரை ஒதுக்குகிறது. ஆனால் ஆறாம் அடுக்கில் தேவைப்படுவது எதிர்காலம் அன்று, வரும் மே மாதப் பதவியுயர்வு, அதாவது அடுத்த அடுக்குக்கு ஏறுவது. இடமறிந்து நிற்கும் திறனும் முடிவெடுக்கும் திறனும் கால்களின் வேகத்தைவிட மெதுவாகவே தேய்கின்றன. ஓராண்டு ஒப்பந்தத்தில் அத்தகைய ஒருவரைச் சேர்ப்பது, இளைஞர்மீது சூதாடுவதைவிடப் பெரும்பாலும் பாதுகாப்பானது. ஆனால் இளைஞரை வளர்த்து விற்பதில் கிடைக்கும் பெருமிதம் அதில் இல்லாததால், விளையாடுபவர்கள் அதைக் குறைத்து மதிப்பதுண்டு.

உண்மைக் கால்பந்திலும் இதற்கு ஒப்புமைகள் உண்டு, வேறுபாடுகளும் உண்டு. ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கழகம் இளமையிலேயே விடுவித்த ஜேமி வார்டி, ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸ் கழகத்தில் ஆடிக்கொண்டே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்; ஹாலிஃபாக்ஸ் வழியாக 2011-இல் ஃபிளீட்வுட் டவுனுக்குச் சென்று ஐந்தாம் அடுக்கில் ஒரே பருவத்தில் 31 லீக் கோல்கள் அடித்தார். 2012-இல் லெஸ்டர் சிட்டி பத்து லட்சம் பவுண்டுக்கு அவரை வாங்கியபோது அவருக்கு வயது 25. நான்கே ஆண்டுகளில் லெஸ்டர் பிரீமியர் லீகை வென்றது. மேலாண்மை ஆட்டத்தின் தரவுத்தளம் இத்தகைய வளர்ச்சியை முன்னறிவதற்கு ஏற்றதன்று. உச்சத் திறன் என்ற மேல்மூடி முதலிலேயே இடப்பட்டுவிடுகிறது, இருபத்தைந்து வயதில் ஐந்தாம் அடுக்கில் இருப்பவருக்கு உயர்ந்த மூடியை இடும் ஆய்வாளர் அரியவர். பிரென்ட்ஃபோர்டு கழகத்தின் வழி ஆட்டத்துக்கு மிக நெருங்கியது. பந்தயக் கணிப்புத் தொழிலில் தேர்ந்த மாத்யூ பெனமின் உரிமையில், புள்ளியியலைக் கொண்டு, பிறர் குறைத்து மதிப்பிட்ட வீரர்களை அது தேடியது. எக்ஸெட்டர் சிட்டியிலிருந்து 2017-இல் வாங்கிய ஆலி வாட்கின்ஸை 2020-இல் ஆஸ்டன் வில்லாவுக்கு ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் பவுண்டுக்கு விற்றது. 2021-இல் பிரீமியர் லீகை எட்டியது.

வெளிநாட்டுச் சந்தை ஒருகாலத்தில் கீழ்நிலை மேலாளரின் புதையலாக இருந்தது. நார்டிக் நாடுகளிலோ கிழக்கு ஐரோப்பாவிலோ ஒப்பந்தம் முடிந்தவர்களைச் சில்லறைச் சம்பளத்துக்குக் கொண்டுவரலாம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறினால் என்ன நேரும் என்பதை ‘ஃபுட்பால் மேனேஜர் 2017’ பல சாத்தியங்களாக முன்கூட்டியே நிரலில் புகுத்தியது. 2021 தொடக்கத்திலிருந்து உண்மையாகவே ஐரோப்பிய வீரர்களும் புள்ளி முறையிலான பணி அனுமதி பெற வேண்டியதாயிற்று. நாட்டு அணி ஆட்டங்களுக்கும் உயர்ந்த லீக் ஆட்டங்களுக்கும் புள்ளி தரும் அம்முறையில், கீழ்நிலைக் கழகம் வாங்கக்கூடிய வீரர் தேறுவது அரிது. ஆகவே இங்கிலாந்தில் தேடல் மீண்டும் உள்ளூருக்குச் சுருங்கியது. அயர்லாந்துக் குடிமக்களுக்கு மட்டும் விலக்கு இருப்பதால் அயர்லாந்து லீக் ஆட்டத்திலும் நடப்பிலும் புதிய கவனம் பெற்றது.

கண்டெடுத்த மலிவு மலிவாகவே நீடிப்பதில்லை என்பது கடைசியாகக் கவனிக்க வேண்டியது. கையெழுத்திடும் நாளில் முகவர் கேட்கும் பதவியுயர்வுச் சம்பள ஏற்றம், குறிப்பிட்ட தொகைக்கு விடுவிக்கும் உறுதி, ஆடும் போட்டிக்கு ஒரு தொகை போன்ற பிரிவுகள் அடியடுக்கில் அற்பமாகத் தோன்றும். அணி பதவியுயர்வு பெற்ற கோடையில் அவையெல்லாம் ஒருங்கே விழித்துக்கொள்கின்றன: வேகத்தை மட்டும் கொண்டு கோலடித்த முன்கள வீரரின் சம்பளம் தானாக உயர, ஐந்தாம் அடுக்கின் தடுப்பாளர்களோ அவரளவுக்கே ஓடக்கூடியவர்களாக இருக்கிறார்கள். தேர்ந்த மேலாளர் அந்த வீரரைப் பதவியுயர்வு உறுதியாகும் முன்பே, ஜனவரியிலேயே, தன்னைவிட மேலடுக்கில் உள்ள கழகம் ஒன்றுக்கு விற்கப் பார்ப்பார். வாங்கும் அந்தக் கழகம் அவருடைய கோல் எண்ணிக்கையைத்தான் பார்க்கும், அவை எந்தத் தடுப்பாளர்களுக்கு எதிராக அடிக்கப்பட்டவை என்பதை அல்ல.